சமுயியா, ட்சுமெத்தய்யா: ஜப்பான் குளிருக்குச் சொல் பழகுவது எப்படி

ஜப்பானில் என் முதல் குளிர்காலம் நகானோவில் கழிந்தது. டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பாட்டி எதிரே வந்தார். படித்ததைப் பேசிப் பார்த்துவிடலாம் என்று, "ட்சுமெத்தய் தெஸ் நே" என்றேன். பாட்டி நின்றுவிட்டார். என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அப்புறம் மெல்ல, "நானி கா?" என்றார். "எதுங்க?" என்று அர்த்தம்.

"குளிருதுல்ல" என்று சொல்ல நினைத்தவன், "ஜில்லுனு இருக்குல்ல" என்று சொல்லியிருக்கிறேன். எது ஜில்லென்று இருக்கிறது என்று அவர் தேடியதில் என்ன தப்பு?

நான் படித்தது ஆங்கிலம் வழியாக. 'கோல்ட்' என்ற ஒரே சொல்லுக்கு எதிரே அகராதியில் சமுயி, ட்சுமெத்தய் என்று இரண்டு ஜப்பானியச் சொற்கள் இருந்தன. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டேன். தமிழைக் கேட்டிருந்தால் அது சரியாக வழிகாட்டியிருக்கும். வானிலையைச் சொல்லும்போது "குளிருது" என்கிறோம். மோரையோ தரையையோ தொட்டால் "ஜில்லுனு இருக்கு" என்கிறோம். "மோர் குளிருது" என்று யாரும் சொல்வதில்லை. ஜப்பானியர் பிரிப்பதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். ஆகவே புதிதாக வருபவர்களுக்கு என் முதல் யோசனை, குளிர்ச் சொற்களை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் படிக்காதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள். ஓரிரு இடத்தில் தமிழும் காலை வாரும். அதை அங்கேயே சொல்கிறேன்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. 'ட்சு' என்று எழுதியிருப்பது, நாம் 'சுனாமி' என்று எழுதும் ஜப்பானியச் சொல்லின் முதல் ஒலி. 'தெஸ்', 'தெஷித்தா', 'தம்போ' மூன்றிலும் முதலில் வருவது 'தசரா'வின் த. 'கத்தகத்தா', 'கா' இரண்டிலும் முதல் எழுத்து 'காந்தி'யின் க. 'புருபுரு'வுக்கும் 'பொத்தானு'க்கும் 'புத்தர்' என்பதில் வரும் ப. மற்றவை எழுதியபடியே.

தானியங்கி இயந்திரத்திலிருந்து தொடங்குங்கள்

ரயில் நிலையத்தில், தெருமுனையில், ஆளில்லாத வயல் ஓரத்தில்கூட ஜப்பானில் பானம் விற்கும் இயந்திரம் நிற்கும். குளிர்காலத்தில் அதன் எதிரே இரண்டு நிமிடம் நில்லுங்கள். சில வரிசைகளின் கீழே நீல நிறப் பட்டை, சிலவற்றின் கீழே சிவப்பு. நீலத்தில் 'ட்சுமெத்தாாய்', சிவப்பில் 'அத்தக்காாய்' என்று நடுவில் ஓர் அலைக்கோடு போட்டு, கூவி விற்பதைப் போல இழுத்து எழுதியிருக்கும். ஜில்லென்ற டீ, சூடான காபி. அந்தப் பட்டைகளில் 'சமுயி' என்ற சொல்லைப் பார்க்கவே முடியாது. தொட்டு உணரும் குளிர்ச்சி ட்சுமெத்தய். உடம்பைச் சூழ்ந்து நிற்கும் குளிர் சமுயி.

அறை சமுயி, காலை சமுயி, வடகோடித் தீவான ஹொக்கைடோ சமுயி. தண்ணீர், இரும்புக் கைப்பிடி, அடுத்தவர் கை எல்லாம் ட்சுமெத்தய். காற்றுக்கு ட்சுமெத்தய் பொருந்தும். அது கன்னத்தைத் தொடுகிறது அல்லவா? நகம் என்பதற்கு ஜப்பானியத்தில் ட்சுமே, வலிக்கிறது என்பதற்கு இத்தய். நகக்கண் வலிக்கும் அளவுக்குக் குளிர்ச்சி என்பதிலிருந்தே ட்சுமெத்தய் பிறந்தது என்று சொல்வார்கள். ஜனவரியில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. ட்சுமெத்தய்யை ஒரு மனிதரின் குணத்தைப் பற்றிச் சொன்னால் ஈரமில்லாத மனசு என்று அர்த்தமாகிவிடும். பாட்டியிடம் நான் அன்று சொன்னதில் 'நீங்கள்' என்ற சொல் இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.

'நே' போட்டுப் பேசுங்கள்

"சமுயி தெஸ் நே" என்றால் "குளிருதுங்க, இல்ல?" என்று பொருள். கடைசியில் வரும் 'நே' நம் 'ல்ல', 'இல்லையா' மாதிரி. இது தகவல் சொல்வதற்கான வாக்கியம் அல்ல, "என்ன, சாப்பாடு ஆச்சா?" என்பதைப் போல ஒரு முகமன். யாராவது சொன்னால் "ஸோ தெஸ் நே" (ஆமாங்க) என்று அதே தாளத்தில் திருப்பிச் சொன்னால் போதும். "எங்கள் ஊரில் இந்த மாதம் 30 டிகிரி" என்று விவரம் சொல்லத் தொடங்கினால் எதிரே இருப்பவர் பாவம், படியிறங்க முடியாமல் தவிப்பார்.

'நே'யை விட்டுவிட்டு "சமுயி தெஸ்" என்று மட்டும் சொன்னால் முறையிடுவது போலக் கேட்கும். ஹீட்டரைப் போடச் சொல்கிறீர்களோ என்று நினைப்பார்கள். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது கடைசி உயிரை விழுங்கி "சமு!" என்பார்கள். ஒசாகா பக்கம் அது "சபு!" ஆகிவிடும்.

இறந்த காலத்தில் எல்லோரும் ஒரு தடவை வழுக்குவார்கள். 'சமுயி தெஷித்தா' என்பது தவறு. சொல்லுக்குள்ளேயே காலம் மாற வேண்டும்: சமுக்கத்தா தெஸ் (குளிராக இருந்தது). குளிரில்லை என்பதற்குச் சமுக்குநய். காதில் அது 'நாய்' என்றுதான் விழும். முதல் வாரம் சிரித்துவிட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நவம்பரில் தினமும் கேட்கப்போவது "சமுக்கு நரிமஷித்தா நே", குளிர் வந்துடுச்சு இல்லையா.

இன்னொன்று, இங்கே தமிழ் உதவாது. "அவனுக்குக் குளிருது" என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஜப்பானியத்தில் அடுத்தவர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அடித்துச் சொல்வதில்லை. குளிரில் நடுங்குகிற குழந்தையைப் பார்த்தால் "சமுஸோ" (குளிருகிறது போலிருக்கிறது) என்றோ, "சமுகத்தே இரு" (குளிரை வெளிக்காட்டுகிறான்) என்றோதான் சொல்ல வேண்டும். குளிர் தாங்காத ஆசாமிக்குச் சமுகரி என்று பெயர். "நான் சமுகரி" என்று முதல் நாளே அலுவலகத்தில் சொல்லிவைத்தால், ஜன்னல் ஓரத்து இருக்கையிலிருந்து தப்பலாம்.

எவ்வளவு குளிர் என்று சொல்லப் பழகுங்கள்

அக்டோபரில் டோக்கியோ வந்திறங்கும் நம் ஆட்கள் உடனே "சமுயி" என்பார்கள். உள்ளூர்க்காரர்கள் முகத்தில் வியப்பு தெரியும். அவர்களுக்கு அது சுஸுஷீ. வெயில் தணிந்தபின் வரும் இதமான குளுமை. சுஸுஷீ எப்போதும் பாராட்டுச் சொல். கஷ்டம் சொல்ல உதவாது. அடுத்த படி ஹதஸமுயி. ஹதா என்றால் தோல். தோலில் மட்டும் லேசாகக் குளிர் படுகிறது, ஒரு மேல்சட்டை போட்டால் தேவலை என்கிற நிலை. அதற்கு அடுத்ததுதான் சமுயி.

அதற்கும் மேலே போனால் வினைச்சொற்கள் வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது ஹியேரு. சூடு இறங்கிக் குளிர்ந்துபோவது. "கெஸா வா ஹியெமஸ் நே" (இன்னைக்குக் காலையில நல்லாக் குளிருதுங்க) என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஊரில் பத்து வருஷம் இருந்தவர் மாதிரி தோன்றும். மாடிப்படி சம்பவத்துக்கு இரண்டு வாரம் கழித்து இதைப் பாட்டியிடம் சொன்னேன். இந்தத் தடவை நின்று ஐந்து நிமிடம் பேசினார். பாதிக்கு மேல் புரியவில்லை, அது வேறு விஷயம். வானிலைச் செய்தியில் இதே சொல் ஹியெக்கோமு என்று வரும். இரவில் வெப்பம் கிடுகிடுவென இறங்குவது. சாப்பாட்டுக் கடையில் ஒஹியா என்றால் குடிக்கும் தண்ணீர். ஆனால் சாக்கே மதுவை ஹியா என்று கேட்டால் குளிரூட்டியது வராது, சூடாக்காமல் அறை வெப்பத்தில் இருப்பது வரும். குளிர்ந்தது வேண்டுமென்றால் ரேஷு.

ஊருக்கு ஊர் குளிரின் குணம் மாறுகிறது, சொல்லும் மாறுகிறது. கியோத்தோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம். அங்கே குளிர் தரையிலிருந்து ஏறிக் காலைப் பிடிக்கும். அதைச் சொக்கொபியே என்பார்கள், அடிக்குளிர். ஹொக்கைடோவிலும், முதன்மைத் தீவான ஹொன்ஷுவின் வடக்கிலும் ஷிபரேரு என்றொரு வட்டாரச் சொல் உண்டு. மூக்குக்குள் முடி உறைகிற குளிர் அது. ஹொக்கைடோவின் அசாஹிகாவாவில் 1902 ஜனவரி 25 அன்று பதிவான மைனஸ் 41 டிகிரிதான் நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை. அதே குளிர் அலையில்தான் அவோமொரியின் ஹக்கோதா மலையில் பனிப்பயிற்சிக்குப் போன 210 படைவீரர்களில் 199 பேர் இறந்தார்கள். டோக்கியோ இவ்வளவு கொடூரமில்லை. ஜனவரியில் சராசரியாகப் பகலில் 10 டிகிரியை ஒட்டியும் விடியலில் 1 டிகிரியை ஒட்டியும் இருக்கும்.

உடம்பு நடுங்குவதை ஒலியால் சொல்லுங்கள்

இங்கே தமிழருக்கு ஒரு வசதி. வெடவெட, கிடுகிடு, ஜில்ஜில் என்று பேசி வளர்ந்தவர்கள் நாம். ஜப்பானியத்திலும் இப்படி இரட்டித்து வரும் ஒலிச்சொற்கள் ஏராளம். மற்ற நாட்டுக்காரர்கள் மனப்பாடம் செய்யத் திணறும் இடத்தில் நமக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது.

லேசாக நடுங்கினால் புருபுரு. பல் தந்தியடிக்கும் அளவுக்கு வெடவெடவென ஆடினால் கத்தகத்தா. இரண்டுக்கும் பின்னால் ஃபுருயேரு (நடுங்கு) சேர்த்துக்கொள்ளலாம். மெதுவாக, சத்தமே இல்லாமல் பனி விழுந்துகொண்டே இருந்தால் ஷின்ஷின். இரவின் ஆழ்ந்த குளிருக்கும் அதே சொல். இதமான குளிர்ச்சிக்கு ஹின்யாரி, வெயிலில் வந்தவர் கல்தரையில் கால் வைத்ததைப் போல.

விரல் விறைத்துப்போய்ப் பொத்தான் போட முடியாத நிலைக்குக் கஜிக்கமு. உடம்பே விறைத்தால் கொகொயேரு. தண்ணீர் உறைந்தால் கோரு. மனிதர் கோரு ஆவதில்லை.

இதில் ஸொக்குஸொக்குவைத் தனியாக மனதில் வையுங்கள். காய்ச்சல் வருவதற்கு முன் முதுகுத்தண்டில் ஓடும் குளிர் அது. மருத்துவரிடம் "சமுயி தெஸ்" என்று சொன்னால் அறையின் ஹீட்டரைக் கூட்டிவிடுவார். "சமுக்கே கா ஷிமஸ்" என்றால்தான் உங்களுக்குக் காய்ச்சல் குளிர் என்று புரியும். எழுத்தில் இந்தச் சமுக்கே இன்னொரு வேஷமும் போடும்: அதே இரண்டு எழுத்துகளைக் கன்க்கி என்று படித்தால் குளிர்காற்றுத் திரள். மருந்துக் கடையில் சமுக்கே, வானிலை அறிக்கையில் கன்க்கி.

பனியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

காலை வாரும் என்று முன்பே சொன்னேனே, அது இங்கேதான். தமிழில் புல்லில் இருப்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. ஜப்பானியர் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். புல்நுனித் துளி ட்சுயு. மூடுபனி கிரி. வெள்ளையாகப் பூத்திருக்கும் உறைபனி ஷிமோ. வானத்திலிருந்து விழுவது யுக்கி. ஈரமண் உறைந்து, மண்ணைத் தூக்கிக்கொண்டு ஊசி ஊசியாய் நிற்பது ஷிமோபஷிரா, அதாவது உறைபனித் தூண். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதை மிதித்து மொறுமொறு சத்தம் கேட்டபடி போவார்கள். பெரியவர்களும் யாரும் பார்க்கவில்லை என்றால் மிதிப்பார்கள், நானும்தான்.

யுக்கியிலும் வகை உண்டு. மாவு போன்றது கொனாயுக்கி. பனிச்சறுக்குக்காரர்கள் தேடிப் போவது. ஈரமாகப் பெரிய பெரிய இதழாக விழுவது பொத்தான்யுக்கி. அது சட்டைப் பொத்தான் அல்ல, பியோனி மலர். ஆனால் சட்டைப் பொத்தானுக்கும் ஜப்பானியத்தில் பொத்தான் என்றே பெயர். போர்ச்சுகீசியர் நமக்குக் கொடுத்த அதே சொல்லை அவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மழையும் பனியும் கலந்து விழும் சனியனுக்கு மிஸோரே. ஆலங்கட்டி 5 மில்லிமீட்டருக்குச் சிறியதாக இருந்தால் அராரே, அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் ஹ்யோ. காற்றோடு சுழன்றடித்தால் ஃபுபுக்கி. கூரை ஓரத்தில் தொங்கும் பனிக்கூம்பு ட்சுராரா. அதன் கீழே நிற்காதீர்கள்.

அறிவிப்புகளைப் படிக்கப் பழகுங்கள்

இதைக் கற்காமல் நான் பட்டது போதும். அதே முதல் ஜனவரியில் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'தோக்கெட்சு' என்ற சொல் பெரிதாக இருந்தது. ஏதோ தண்ணீர் வரி போலிருக்கிறது என்று மேலே போய்ப் படுத்துவிட்டேன். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. தோக்கெட்சு என்றால் உறைதல். இரவில் மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் குழாயிலிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள் என்று தாளில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. வடித்துவிடுவதற்கு மிஸுநுக்கி என்று பெயர். குழாயைத் துண்டு சுற்றி, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இளக்க வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றினால் குழாய் வெடிக்கும். சாலையோரப் பலகையில் 'ரோமென் தோக்கெட்சு' என்றால் சாலை உறைந்திருக்கிறது, கவனம்.

தொலைக்காட்சியில் எண்களுக்கு மேலே வருபவை சய்க்கோ கியோன் (அதிகபட்சம்), சய்த்தே கியோன் (குறைந்தபட்சம்). பூஜ்யத்துக்குக் கீழே ஹ்யோத்தென்க்கா. பேச்சில் மைனஸ் என்றே சொல்கிறார்கள். ஜப்பான் வானிலைத் துறையின் கணக்கில் குறைந்தபட்ச வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போன நாள் ஃபுயுபி, குளிர்நாள். அதிகபட்சமே பூஜ்யத்தைத் தொடாத நாள் மஃபுயுபி, நடுக்குளிர் நாள். சப்போரோவில் ஜனவரி என்றால் சராசரி நாளே மஃபுயுபிதான்.

'ஸேக்கோ தோத்தே' என்று அறிவிப்பாளர் சொன்னால் மேற்கே உயர் அழுத்தம், கிழக்கே தாழ்வு. சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு மேற்குக் கரையிலுள்ள நீகாத்தா பக்கம் பனியாகக் கொட்டும். மலையைத் தாண்டி டோக்கியோவுக்கு வரும்போது ஈரம் தீர்ந்து, நீல வானமும் வறண்ட காற்றுமாக இருக்கும். கம்ப்பா என்றால் குளிர் அலை. ஓயுக்கி என்றால் கடும்பனி. அதன் பின்னால் சூயிஹோ (முன்னெச்சரிக்கை) வந்தால் கவனமாக இருங்கள், கேய்ஹோ (கடும் எச்சரிக்கை) வந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு சூட்சுமம். ட்சுமெத்தய், கோரு எழுத்துகளின் இடப்பக்கம் இரண்டு சிறு புள்ளிகள், சமுயி எழுத்தின் அடியில் இரண்டு. அவை பனிக்கட்டி. சுஸுஷீக்கு மூன்று புள்ளிகள், அது தண்ணீர்.

கடையில் கேட்க

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசி ரிமோட்டில் தம்போ என்றால் சூடு, ரேய்போ என்றால் குளிர். ஜனவரியில் ரேய்போவை அழுத்திவிட்டு இரவெல்லாம் போர்வைக்குள் நடுங்கியவர்கள் உண்டு. கையுறைக்குத் தெபுக்குரோ, பிரித்தால் கை, பை. கைப்பை என்று நினைத்துவிடாதீர்கள். கொத்தட்சு என்பது மேசைக்குக் கீழே ஹீட்டரும் மேலே ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையும் உள்ள ஏற்பாடு. உள்ளே காலை விட்டால் எழுந்திருக்க மனசு வராது. கய்ரோ என்ற சூட்டுப்பை இரண்டு வகை, 'ஹரு' என்று போட்டிருந்தால் ஒட்டுவது, 'ஹரனய்' என்றால் ஒட்டாதது. ஒட்டுவதை உடையின் மேல் ஒட்டுங்கள். தோலில் நேராக ஒட்டினால் மெல்லச் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

நாட்காட்டியோடு சேர்த்துப் படியுங்கள்

நம் வாடைக்காற்றுக்கு அவர்களிடம் கொகராஷி, மரத்தை உலர வைப்பது என்று பொருள். அந்தப் பருவத்தின் முதல் கொகராஷி செய்தியில் வரும். மலை உச்சியில் முதல் பனித்தொப்பிக்கு ஹட்சுக்கன்செட்சு. ஃபூஜியில் இது வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில் வரும். 2024இல் நவம்பர் 7 வரை வரவில்லை. 1894இல் குறித்துவைக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் மிகத் தாமதம். நவம்பரில் திடீரென்று வெயில் இதமாகக் காய்ந்தால் அது கொஹருபியோரி, குட்டி வசந்தம். வசந்தத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் திருத்துவார்கள்.

புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பத் தவறிவிட்டால், ஜனவரி 8 வாக்கில் தொடங்கிப் பிப்ரவரி 4 வாக்கில் வசந்தம் பிறக்கும் வரை கன்ச்சூ மிமாய் என்ற குளிர்கால நலவிசாரிப்பு அட்டை அனுப்பலாம். மானத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. பிப்ரவரி கடைசியில் மூன்று நாள் குளிர், நான்கு நாள் இதம் என்று மாறி மாறி வந்தால் சன்க்கன் ஷியோன்.

"அட்சுஸா சமுஸா மொ ஹிகன் மதே" என்பது அவர்கள் பழமொழி. வெயிலும் குளிரும் ஹிகன் (பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டிய வாரம்) வரைதான். குளிருக்கான ஹிகன் மார்ச் 20 வாக்கில் வருகிறது. அதை நம்பிக் கனமான கோட்டைச் சலவைக்குப் போட்டுவிடாதீர்கள். சக்குரா பூத்தபின் ஒரு நாள் மறுபடியும் குளிர் வந்து உட்காரும். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஹனாபியே, பூக்குளிர். மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து பூ பார்க்கும் அன்றைக்குத்தான் அது வரும். பையில் ஒரு கய்ரோ போட்டுக்கொண்டு போங்கள்.